9. சட்டைப்பையிலிருந்து மணிக்கட்டுக்கு: பழைய பாக்கெட் வாட்சைக் கைக்கடிகாரமாக்குதல்

வேலையில் இறங்குமுன் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் வாட்ச் கேஸ், டயல், முள், சங்கிலி எல்லாமாக முழுசாக இருந்தால் அதைப் பிரிக்காதீர்கள். சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, அப்படியே ஓடவிடுங்கள். கைக்கடிகாரமாக மாற்றத் தகுந்தது கேஸை இழந்த மெஷின் மட்டும்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அப்படிப்பட்ட மெஷினைப் பற்றியது.

அப்படி எத்தனை மெஷின்கள் இருந்துவிடப் போகின்றன என்று தோன்றலாம். ஏராளமாக இருக்கின்றன. பாக்கெட் வாட்சின் கேஸ் பெரும்பாலும் வெள்ளி, தங்கம், அல்லது தங்கத்தகடு போர்த்தியது. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கேஸ் உருக்குப் பட்டறைக்குப் போகிறது. 1980இன் தொடக்கத்தில் தங்கம் உச்சத்தைத் தொட்டபோதும் இதுதான் நடந்தது, இன்றும் நடக்கிறது. உருக்குகிறவருக்கு உள்ளே ஓடுகிற மெஷினால் பயனில்லை. எடைக்கு எடுத்ததுபோக மிஞ்சியதைக் கைப்பிடி கைப்பிடியாக விற்றுவிடுகிறார். அமெரிக்காவின் வால்தம், எல்ஜின் ஆலைகள் கோடிக்கணக்கில் வாட்ச் செய்து தள்ளியவை. சுவிட்சர்லாந்தின் ஒமேகா, லாஞ்ஜின், செனித் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நூறு வயதான, 15 அல்லது 17 ஜுவல் கொண்ட, இன்னும் ஓடக்கூடிய மெஷின் கேஸ் இல்லாத ஒரே காரணத்தால் டப்பாவில் கிடக்கிறது. அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதுதான் இந்த வேலை.

இது புதிய யோசனையும் அல்ல. முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் நின்ற அதிகாரிகளால் ஒவ்வொரு தடவையும் பையைத் துழாவி மணி பார்க்க முடியவில்லை. சிறிய பாக்கெட் வாட்ச் கேஸின் இரு பக்கமும் கம்பி வளையம் பற்றவைத்து, தோல் வார் கோத்துக் கையில் கட்டினார்கள். 1930களின் கடைசியில் ரோட்ரிகஸ், டெய்ஷைரா என்ற இரு போர்த்துகீசிய வணிகர்கள், கப்பல் கடிகாரம்போலத் துல்லியமான கைக்கடிகாரம் வேண்டுமென்று ஐ.டபிள்யூ.சி. நிறுவனத்திடம் கேட்டார்கள். அந்நிறுவனம் தன் பாக்கெட் வாட்ச் மெஷினையே எடுத்துக் கைக்கடிகாரக் கேஸில் வைத்தது. 1939இல் பிறந்த அந்த வாட்ச் ‘போர்த்துகீசர்’ என்ற பெயரில் இன்றும் விற்பனையாகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையினர் கட்டிய 55 மி.மீ. கைக்கடிகாரங்களிலும் பாக்கெட் வாட்ச் மெஷின்கள் இருந்தன. இன்று கடைகளில் பெரிய அளவில் கிடைக்கும் சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்கள் பலவற்றுக்குள் ஓடுகிற யூனிடாஸ் 6497, 6498 மெஷின்களும் பாக்கெட் வாட்சுக்காக உருவானவையே.

மெஷினைத் தேர்ந்தெடுப்பது

முதலில் அளவு. அமெரிக்க மெஷின்களுக்கு எண் உண்டு. 18 என்றால் விட்டம் 44.9 மி.மீ., 16 என்றால் 43.2 மி.மீ., 12 என்றால் 39.8 மி.மீ., 0 என்றால் 29.6 மி.மீ. சுவிஸ் மெஷின்களை லீன் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு லீன் 2.256 மி.மீ. இவை மெஷினின் விட்டம் மட்டுமே. கேஸின் சுவரும் கண்ணாடி வளையமும் சேர்ந்தால் இன்னும் ஐந்தாறு மி.மீ. கூடும். 16 அளவு மெஷின் கைக்கு வரும்போது 48 முதல் 50 மி.மீ. வரை ஆகிவிடும். நம் ஊர் மணிக்கட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது அதிகம். வார் மாட்டும் காதுகள் மணிக்கட்டின் இரு ஓரத்தையும் தாண்டி நின்றால் சட்டைக் கையிலும் கதவிலும் இடித்துக்கொண்டே இருக்கும். இடிபட்டால் மெஷின் தாங்காது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

என் பரிந்துரை 12 அளவு. கோட்டுப் பைக்குள் புடைக்காமல் இருக்க வேண்டும் என்று மெல்லியதாகச் செய்தவை இவை. கேஸோடு சேர்த்தாலும் 45 மி.மீ. பக்கம் நிற்கும். சேகரிப்பாளர்கள் 16, 18 அளவுகளின் பின்னால் ஓடுவதால் இவற்றின் விலையும் அடக்கம். பழைய 18 அளவு மெஷின்களைத் தவிர்த்துவிடுங்கள். பலவற்றில் பேலன்ஸ் சக்கரம் மேல்தகட்டுக்கும் மேலே நிற்கும். அந்தத் தடிமனைக் கையில் கட்டினால் டப்பாவைக் கட்டியதுபோலத்தான் இருக்கும்.

அடுத்தது கிரவுன், அதாவது சாவி கொடுக்கும் குமிழ், எந்தத் திசையில் வருகிறது என்பது. புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

பாக்கெட் வாட்ச் மெஷின் இரண்டு வகை. மூடியில்லாத திறந்த முக வாட்சில் கிரவுன் 12க்கு மேலே இருக்கும், சின்ன விநாடி முள் 6இல் ஓடும். டயலை மூடும் மூடியுள்ள ஹண்டர் வகையில் கிரவுன் 3இல் இருக்கும், விநாடி முள் 6இலேயே ஓடும். கைக்கடிகாரத்தில் நமக்குப் பழகிய அமைப்பு இரண்டாவதுதான். மெஷின் மட்டும் கையில் இருக்கும்போது வகையைக் கண்டுபிடிக்க டயல் தேவையில்லை. கிரவுனின் தண்டான ஸ்டெம் நுழையும் துளையிலிருந்து மெஷினின் மையம் வழியாக மனத்தில் ஒரு கோடு இழுங்கள். விநாடி முள் உட்காரும் மெல்லிய அச்சு அந்தக் கோட்டின் மறுமுனையில் நேராக இருந்தால் திறந்த முக வகை. கோட்டுக்குச் செங்குத்தாக, பக்கவாட்டில் இருந்தால் ஹண்டர். யூனிடாஸ் 6497 முதல் வகை, 6498 இரண்டாம் வகை.

திறந்த முக மெஷினை 3இல் கிரவுன் வைத்த கேஸில் போட்டால் டயலின் 12 கிரவுனைப் பார்த்துத் திரும்பிவிடும். அதைச் சரிசெய்யப் புது டயல் போட வேண்டும், அப்போது விநாடி வட்டம் 9இல் வந்து நிற்கும். யூனிடாஸ் 6497க்கு அப்படிப்பட்ட டயல் எளிதாகக் கிடைக்கிறது. நூறாண்டுப் பழைய மெஷினுக்குக் கிடைக்காது, செய்யச் சொல்ல வேண்டும். பழைய எனாமல் டயலின் அழகுக்காகத்தான் இந்த வேலையையே எடுத்தீர்கள் என்றால் கிரவுனை 12இலேயே விட்டுவிடுங்கள். மேல் காதுகளுக்கு நடுவில் கிரவுன் வரும். வார் அதை அழுத்தாமல் இருக்கக் காதுகளைச் சற்று நீளமாக வைக்கச் சொன்னால் போதும். அந்த அமைப்புக்கு இன்னொரு நன்மையும் உண்டு, நேரம் வைக்கும் பகுதியில் சொல்கிறேன்.

இங்கே ஒரு வாய்ப்பு இருக்கிறது. தன் கேஸை இழந்த ஹண்டர் மெஷினை யாரோ எப்போதோ திறந்த முகக் கேஸுக்கு மாற்றியிருப்பார்கள். அதில் 12 பக்கவாட்டில் படுத்திருக்கும். சேகரிப்பாளர்கள் அதைப் பொருந்தாத ஜோடி என்று ஒதுக்குவார்கள், விலையும் குறையும். நமக்கு வேண்டியது அதுவேதான்.

ஸ்டெம் விஷயம்

சுவிஸ் மெஷினில் ஸ்டெம்மைப் பிடித்திருப்பது மெஷினிலேயே உள்ள ஒரு சிறு திருகு. அதை ஒரு சுற்றுத் தளர்த்தினால் ஸ்டெம் கையோடு வந்துவிடும். அதிகம் தளர்த்தாதீர்கள். உள்ளே டயல் பக்கத்தில் இருக்கும் லீவர் கழன்று விழுந்தால் முள்ளும் டயலும் கழற்றித்தான் திரும்ப மாட்ட முடியும்.

அமெரிக்க மெஷின்களில் பெரும்பாலானவை வேறு மாதிரி. ஸ்டெம் மெஷினைச் சேர்ந்ததே அல்ல, கேஸைச் சேர்ந்தது. கேஸின் கழுத்துக்குள் மரை போட்டுத் திருகிய ஒரு சிறு குழல் இருக்கும். அதன் நுனி விரல்கள்போலப் பிளந்து ஸ்டெம்மின் மேட்டைக் கவ்விக்கொள்ளும். கிரவுனை உள்ளே தள்ளினால் ஸ்டெம்மின் சதுர நுனி மெஷினைச் சாவி கொடுக்கும் நிலையில் அழுத்திப் பிடிக்கும். வெளியே இழுத்தால் மெஷினுக்குள் இருக்கும் ஸ்பிரிங் தானாக முள் திருப்பும் நிலைக்குத் தாவும். ஆக, கேஸ் இல்லாமல் மேசையில் கிடக்கும் அமெரிக்க மெஷின் எப்போதும் முள் திருப்பும் நிலையிலேயே இருக்கிறது. கூடுதல் இழுவையோடு ஓடும், சில சமயம் நின்றும் போகும். பழுது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆனால் புதுக் கேஸ் செய்கிறவரிடம் இதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். அந்தக் குழலும் அதற்கு மரை வெட்டிய கழுத்தும் கேஸில் இருந்தால்தான் வாட்ச் வேலை செய்யும். முதல் முயற்சி என்றால் சுவிஸ் மெஷினையே எடுங்கள்.

ரயில்வேக்காகச் செய்த அமெரிக்க மெஷின்களில் இன்னொரு சிக்கல். 1891இல் ஒஹையோ மாநிலத்துக் கிப்டன் என்ற ஊரில் இரண்டு ரயில்கள் மோதின. அதற்குப் பிறகு வெப் பால் என்பவர் ரயில்வே வாட்சுகளுக்கான விதிகளை இறுக்கினார். தவறுதலாகக் கிரவுன் இழுபட்டு நேரம் மாறிவிடக் கூடாது என்பதால், கண்ணாடி வளையத்தைத் திருகி எடுத்து, டயல் ஓரத்தில் இருக்கும் ஒரு லீவரை இழுத்த பிறகே முள் திருப்ப முடியும் என்ற ஏற்பாடு வந்தது. ஹாமில்டன் 992 இந்த வகையில் பேர்போன மெஷின், 21 ஜுவல், 16 அளவு. இதைக் கையில் கட்ட வேண்டுமென்றால் முன்கண்ணாடி மரையோடு திறக்கும் கேஸ் வேண்டும். செய்யலாம், ஆனால் ஒவ்வொரு முறை நேரம் வைக்கும்போதும் டயல் தூசிக்குத் திறந்துகொள்ளும்.

தனிச் சாவியால் முறுக்கும் மிகப் பழைய வாட்சுகளையும், வெர்ஜ், சிலிண்டர் வகை மெஷின்களையும் தொடவே வேண்டாம். லீவர் எஸ்கேப்மென்ட் உள்ளவை மட்டுமே கையில் கட்டத் தாங்கும்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

சாவி கொடுத்துப் பாருங்கள். கொடுக்கக் கொடுக்க நிறையாமல் போய்க்கொண்டே இருந்தால் மெயின்ஸ்பிரிங் அறுந்திருக்கிறது. அது பெரிய செலவல்ல. முழுக்க நிறைந்தும் ஓடவில்லை என்றால் “அதிகமா சாவி குடுத்துட்டாங்க சார், வேற ஒண்ணுமில்ல” என்பார் விற்கிறவர். அதிகமாகச் சாவி கொடுத்ததால் மட்டும் வாட்ச் நிற்பதில்லை. ஸ்பிரிங் நிறைந்தும் நிற்கிறது என்றால் எண்ணெய் இறுகியிருக்கிறது, அல்லது ஏதோ உடைந்திருக்கிறது.

மெஷினைக் கிடைமட்டமாகப் பிடித்து மெல்ல ஒரு திருப்புத் திருப்புங்கள். பேலன்ஸ் சக்கரம் தள்ளாடாமல், ஒரே தளத்தில், சோம்பலில்லாமல் ஆடி அடங்க வேண்டும். சாய்ந்து ஆடினால் பேலன்ஸ் அச்சின் முனை ஒடிந்திருக்கிறது. டயல் மேலே பார்த்தபடி ஓடி, கவிழ்த்தால் நிற்கிறது என்றாலும் அதே சந்தேகம். அந்த முனையின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ. அதிர்ச்சி தாங்கும் இன்காப்ளாக் அமைப்பு 1934இல்தான் வந்தது. அதற்கு முந்தைய மெஷின்களில் பெரும்பாலும் அந்த முனைக்குப் பாதுகாப்பு கிடையாது. புது அச்சு கடைந்து போடத் தெரிந்த மெக்கானிக்குகள் அருகிவிட்டதால், அச்சு ஒடிந்த மெஷினை விலை மலிவு என்று வாங்க வேண்டாம்.

ஹேர்ஸ்பிரிங்கை லென்ஸ் வைத்துப் பாருங்கள். சுற்றுகளுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்க வேண்டும். இரண்டு சுற்று ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கோ காந்தமோ காரணம், இரண்டும் சரிசெய்யக்கூடியவை. துரு இருந்தால் விட்டுவிடுங்கள்.

டயலிலும் மெஷினிலும் வேறு வேறு பெயர் இருப்பது எப்போதும் மோசடி ஆகாது. அந்தக் காலத்தில் விற்கும் கடையின் பெயரை டயலில் போடும் வழக்கம் இருந்தது. 1849இல் தொடங்கிய சென்னை பி. ஆர் அண்டு சன்ஸ் பெயர் பொறித்த பாக்கெட் வாட்சுகள் நம் ஊர்ப் பழைய குடும்பங்களில் இன்னும் இருக்கின்றன. உள்ளே மெஷின் வெளிநாட்டில் செய்ததாக இருக்கும். சந்தேகப்பட வேண்டியது, பெரிய சுவிஸ் கம்பெனியின் பெயர் பளிச்சென்று புதிதாக அச்சிட்ட டயலில் இருந்து, மெஷினில் ஒரு பெயரும் இல்லாதபோது. கைக்கடிகாரமாக ஏற்கெனவே மாற்றி, ‘நூறாண்டுப் பழமை’ என்று விற்பனைக்கு வருகிறவற்றில் இந்த வகை நிறைய.

ஒரு எச்சரிக்கையைக் கண்டிப்பாக மனத்தில் வையுங்கள். எண்களிலோ முள்ளிலோ பழுப்பேறிய, பொரிந்த பசை இருந்தால் அது ரேடியம் பூச்சாக இருக்கலாம். 1910களிலிருந்து 1960கள்வரை இருட்டில் ஒளிரப் பூசியது அதைத்தான். ஒளிர்வது நின்றுபோயிருந்தாலும் கதிர்வீச்சு நிற்கவில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், வீட்டு மேசையில் வைத்துப் பிரிக்காதீர்கள். அந்தத் தூள் மூச்சில் போனால் உடம்பிலேயே தங்கிவிடும். அப்படிப்பட்டதை வாங்காமல் விடுவதுதான் நல்லது.

சர்வீஸ்

கேஸுக்குப் பணம் செலவழிக்குமுன் மெஷினை முழுக்கப் பிரித்துச் சுத்தம் செய்திருக்க வேண்டும். வாட்ச் வேலை பழகாதவர்கள் இதைத் தாங்களே செய்ய வேண்டாம். மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது சில விஷயங்களை வாய்விட்டுக் கேளுங்கள். பிரிக்காமல் அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து எண்ணெய் விடுவது சர்வீஸ் அல்ல. அழுக்குக் கரைந்து துளைகளுக்குள்ளேயே தங்கும், புது எண்ணெயோடு சேர்ந்து அரைக்கும். ஸ்பிரிட்டில் ஊறவைப்பதும் ஆபத்து. எஸ்கேப்மென்ட்டில் இருக்கும் இரண்டு சின்னக் கற்களும், பேலன்ஸை உதைக்கும் கல்லும் அரக்கு வைத்து ஒட்டியவை. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

எண்ணெய் ஒன்றே ஒன்று போதாது. மெதுவாகச் சுற்றி அதிக அழுத்தம் தாங்கும் சக்கரங்களுக்குக் கெட்டியானது, வேகமாக ஓடுகிறவற்றுக்கும் பேலன்ஸுக்கும் மோபியஸ் 9010 போன்ற மெல்லியது, எஸ்கேப்மென்ட் கற்களின் முகத்துக்கு 9415. மெக்கானிக்கின் மேசையில் இந்தச் சின்னக் குப்பிகள் இருக்கின்றனவா என்று பார்த்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். பழைய நீல எஃகு மெயின்ஸ்பிரிங் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். அதே அகலம், தடிமன், நீளத்தில் இக்காலத்து உலோகக் கலவை ஸ்பிரிங் கிடைத்தால் மாற்றிவிடச் சொல்லுங்கள். துருப்பிடிக்காது, சாவி தீரும்வரை ஒரே சீராக இழுக்கும். எடுத்த பழைய ஸ்பிரிங்கைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

எனாமல் டயல் என்பது செப்புத்தகட்டின் மேல் உருக்கிய கண்ணாடி. வளைத்தால் வெடிக்கும். பின்னால் இருக்கும் செப்புக் கால்களைப் பிடிக்கும் திருகுகளை முழுக்கத் தளர்த்திய பிறகே தூக்க வேண்டும். நெம்பவே கூடாது. மயிரிழை விரிசல் ஏற்கெனவே இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், மறைக்கப் பூசும் எதுவும் நாளடைவில் மஞ்சளாகும். வெள்ளிப்பூச்சு டயலை ஈரத் துணியாலும் துடைக்காதீர்கள். எழுத்து போய்விடும்.

கேஸ்

யூனிடாஸ் மெஷினின் விட்டம் 36.6 மி.மீ. அதற்கு ஆயத்தக் கேஸ்கள் பல வடிவில் கிடைக்கின்றன. அதற்கு நெருக்கமான, ஆனால் சற்றுச் சிறிய சுவிஸ் மெஷின் உங்களிடம் இருந்தால், பித்தளையில் ஒரு வளையம் கடைந்து இடைவெளியை நிரப்பி அதே கேஸைப் பயன்படுத்தலாம். ஆனால் ஸ்டெம் வரும் உயரமும் ஒத்துப்போக வேண்டும். மற்ற மெஷின்களுக்கு லேத் பட்டறையில் செய்யத்தான் வேண்டும். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். நம் வியர்வைக்கு அதுதான் நிற்கும், பித்தளையில் முலாம் பூசியது ஓரிரு கோடையில் பல்லிளிக்கும்.

பட்டறைக்குப் போகுமுன் டிஜிட்டல் வெர்னியரால் அளவெடுங்கள். டயலின் விட்டம், மெஷின் தகட்டின் விட்டம், தகட்டின் விளிம்பு கேஸில் உட்காரும் இடத்தின் விட்டம், இவை மூன்றும் ஒன்றல்ல. பிறகு உயரங்கள். டயலின் மேல்பரப்பிலிருந்து மெஷினின் மிக உயர்ந்த பாகம்வரை, டயலிலிருந்து நிமிட முள் மாட்டும் அச்சின் நுனிவரை, டயலிலிருந்து ஸ்டெம் துளையின் நடுவரை. கடைசி அளவில் கால் மி.மீ. பிசகினாலும் ஸ்டெம் கோணலாக நுழையும். சாவி கொடுக்கும்போது கரகரக்கும், சில மாதத்தில் பல் தேயும். நிமிட முள் அச்சின் நுனிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை மி.மீ.யாவது விடுங்கள். பேலன்ஸ் பாலத்துக்கும் பின்மூடிக்கும் நடுவிலும் அதே அளவு வேண்டும். பின்மூடியை அழுத்தினால் வாட்ச் நிற்கிறது என்ற புகாருக்குக் காரணம் இந்த இடைவெளி போதாததுதான்.

எனாமல் டயல் கேஸின் உலோகத்தில் நேராக அழுந்தக் கூடாது. மெஷினின் எடையைத் தகட்டின் விளிம்பு தாங்க வேண்டும், டயல் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். மெஷினைப் பிடிக்க இரண்டு கேஸ் திருகுகள் போதும். பசை வேண்டவே வேண்டாம்.

இந்த வேலையில் ஒரே ஒரு விதியைத்தான் நான் கறாராக வைத்திருக்கிறேன்: அராவுவது, துளைப்பது, கடைவது எல்லாம் புதுக் கேஸில்தான். மெஷின் பொருந்தவில்லையா, கேஸை மாற்றுங்கள். டயலின் கால் இடிக்கிறதா, வளையத்தில் வழி வெட்டுங்கள். ஸ்டெம் நீளமா, பழையதை வெட்டாமல் புது ஸ்டெம் வாங்கி அதை வெட்டுங்கள். நாளைக்கு யாரிடமாவது அந்த மெஷினுக்கு உரிய கேஸ் கிடைத்தால், திருகைத் தளர்த்தி எடுத்து அதில் வைக்க முடிய வேண்டும். பட்டறைக்காரர் “தகட்டுல லேசா ஒரு இழுப்பு இழுத்துட்டா சரியாப் போயிரும்ணே” என்பார். சம்மதிக்காதீர்கள். அந்த மெஷினை இனி யாரும் செய்யப்போவதில்லை.

பின்மூடிக்குக் கண்ணாடி வைக்கலாம் என்பது என் எண்ணம். வால்தம், எல்ஜின் மெஷின்களின் தகட்டில் அலையலையாகச் செதுக்கிய கோலத்தைப் பழைய சொந்தக்காரர்கள் மூடியைத் திறந்தால்தான் பார்த்திருப்பார்கள். அதன் பக்கத்தில் வரிசை எண் இருக்கும். அமெரிக்க மெஷின்களில் அந்த எண்ணை வைத்து எந்த ஆண்டு செய்தது என்று ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம். உங்கள் மெஷினின் எண்ணைக் குறித்து வையுங்கள்.

முன்கண்ணாடி, பின்மூடி, கிரவுன் மூன்றிலும் ரப்பர் வளையம் போடச் சொல்லுங்கள். அதனால் தூசியும் வியர்வையும் மட்டுப்படும். தண்ணீர் தாங்கும் என்று நம்ப வேண்டாம். மழையில் நனைக்காதீர்கள், கை கழுவும்போது கழற்றுங்கள்.

கேஸ் முழுசாக இருக்கும் சின்ன வாட்சைக் கையில் கட்டியே ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. அந்தக் காலத்திலேயே இருந்ததுதான். வாட்ச் அப்படியே உட்காரும் தோல் கிண்ணம் வைத்த வார். நல்ல தோல் தைக்கிறவர் ஒரு நாளில் செய்து தருவார். காது பற்றவைக்க வேண்டியதில்லை, எதையும் கழற்ற வேண்டியதில்லை.

நேரம் வைப்பது

பாக்கெட் வாட்ச் பையில் நின்றபடி, கிரவுன் மேல்நோக்கி இருந்தது. இரவில் மேசையில் படுத்திருந்தது. கைக்கடிகாரத்தில் கிரவுன் 3இல் இருந்தால், இடது கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது கிரவுன் விரல்களைப் பார்த்துக் கீழ்நோக்கித் தொங்கும். மெஷினைச் செய்தவர்கள் கவலைப்படாத நிலை அது. ரயில்வே மெஷின்களை ஐந்து நிலைகளில் சரிபார்த்தார்கள்: டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் மேலே, கிரவுன் இடம், கிரவுன் வலம். விட்டுப்போனது கிரவுன் கீழே இருக்கும் நிலை. வாரத்துக்கு 30 விநாடிக்குள் நேரம் காட்ட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு செய்த மெஷின்கூடக் கையில் வந்ததும் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

இதனால்தான் திறந்த முக மெஷினின் கிரவுனை 12இலேயே விடுவதில் நன்மை இருக்கிறது என்றேன். அப்போது கை தொங்கும்போது கிரவுன் பக்கவாட்டில் நிற்கும். அது சரிபார்த்த ஐந்து நிலைகளில் ஒன்று.

டைம்கிராஃபர் கருவி உள்ள மெக்கானிக்கிடம், டயல் மேலே, கிரவுன் கீழே, கிரவுன் மேலே ஆகிய மூன்று நிலைகளிலாவது அளந்து தரச் சொல்லுங்கள். பழைய மெஷின் பொதுவாக மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து. முழுச் சாவியில் டயல் மேலே இருக்கும்போது பேலன்ஸின் வீச்சு 270 பாகைப் பக்கம் இருந்தால் சர்வீஸ் நன்றாக நடந்திருக்கிறது. 220க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுங்கள். பகலில் வாட்ச் முந்துகிறது என்றால் இரவில் எந்த நிலையில் வைத்தால் பிந்துகிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். அந்த நிலையில் வைத்துத் தூங்கினால் கணக்குத் தானாகச் சரியாகும். நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்குள் நின்றால் நான் திருப்தி அடைவேன். அதற்கும் மேல் கசக்கிப் பிழிய வேண்டாம்.

திடீரென்று ஒரு நாள் பல நிமிடம் முந்தினால் முதலில் காந்தத்தைச் சந்தேகப்படுங்கள். எஃகு ஹேர்ஸ்பிரிங் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளும். ஸ்பீக்கர், கைப்பையின் காந்தப் பூட்டு, போன் உறையின் மூடி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காந்தம் நீக்கும் கருவியில் சில விநாடி வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

கட்டும் பழக்கம்

காலையில் ஒரே நேரத்தில், கையிலிருந்து கழற்றிச் சாவி கொடுங்கள். கட்டியபடி கொடுத்தால் ஸ்டெம் பக்கவாட்டில் வளையும். பைக் ஓட்டும்போது, கிரிக்கெட் ஆடும்போது, சுவரில் ஆணி அடிக்கும்போது கட்டாதீர்கள். கை தட்டுவதும் அதற்கு அதிர்ச்சிதான். வீட்டில் குழந்தை கையில் தொங்கும் வயதில் இருந்தால் விசேஷ நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஈரக்காற்று எஃகைத் தின்னும். கட்டாத நாட்களில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒரு முறை, ஓடிக்கொண்டிருந்தாலும், சர்வீஸுக்குக் கொடுங்கள். காய்ந்த எண்ணெயில் ஓடும் மெஷின் உடனே நிற்காது, தேயும்.

கழற்றிய பழைய ஸ்டெம், மாற்றிய முள், எடுத்த டயல், கேஸ் திருகு, எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு, மெஷினின் பெயர், வரிசை எண், யார் எந்த ஆண்டு என்ன மாற்றினார்கள் என்று எழுதிய சீட்டை உள்ளே வையுங்கள். வாட்சை என்றாவது விற்கவோ பிள்ளைக்குக் கொடுக்கவோ நேர்ந்தால் அந்த டப்பாவும் கூடவே போகட்டும். மெஷின் பழையது, கேஸ் புதியது என்பதை வாங்குகிறவரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.